மட்டாஞ்சேரியில் மேல் எது, கீழ் எது

எங்கள் கல்லூரியில் யாருக்குப் பாடவேளை குறைகிறதோ, அவர் தலையில் சுற்றுச்சூழல் கல்வி வந்து விழும். எல்லாத் துறை மாணவர்களுக்கும் அது கட்டாயப் பாடம் என்பதால் யாராவது எடுத்தே ஆக வேண்டும். விரும்பி எடுக்க ஆள் கிடையாது. நான் வணிகவியல் ஆசிரியை. பற்று தெரியும், வரவு தெரியும், ஐந்தொகை தெரியும். ஓசோன் படலத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பேருந்து நிலையக் கடையில் வாங்கிய நோட்ஸ் புத்தகத்தின் புண்ணியம். இப்படியே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, ஒரு வாரம் கொச்சிக்குப் போய் வாருங்கள் என்றார் முதல்வர்.

கால்வாய்களையும் காயல்களையும் ஆராய்கிற நிறுவனம் ஒன்று பல்கலைக்கழக மாணவர்களுக்கு மட்டாஞ்சேரியில் பயிற்சி முகாம் நடத்துகிறதாம். கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிற வருடம். சுற்றுச்சூழல் ஆர்வத்துக்கு ஆதாரமாக நாலு புகைப்படம் வேண்டும். மாணவிகள் போவதால் ஒரு பெண் ஆசிரியை கூடப் போக வேண்டும். "நீங்கதான் மேடம் சுற்றுச்சூழல்" என்றார் முதல்வர், என்னை ஒரு ஆலமரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்து.

இரண்டு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். ஜெனிபர் கணினி அறிவியல் படிப்பவள். கொச்சியில் சீன வலை முன்னால் நின்று படம் எடுக்க வேண்டும் என்பது அவளுடைய ஆராய்ச்சி நோக்கம். முத்துமாரி வேதியியல் இறுதியாண்டு. ரயிலில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்க அவள் மட்டும் முகாமைப் பற்றிய தாளைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்.

"கடைசி நாள் ஒருத்தரைத் தேர்ந்தெடுப்பாங்களாம் மேம். ஒரு வருஷம் அங்கயே ஆராய்ச்சி உதவியாளர் வேலை. தங்க இடமும் குடுத்து, அப்புறம் மேல படிக்கவும் வழி பண்ணுவாங்களாம்."

"உங்க வீட்டுல தெரியுமா?"

"தெரியாது. அப்பா நூல் மில்லுல சொல்லி வச்சிட்டாரு. பரிசோதனைக் கூடத்துல வேலை. அடுத்த மாசம் சேரணும்."

"அதுவும் வேதியியல்தானேம்மா?"

"நூலைத்தான் மேம் பரிசோதிக்கணும். ஆயுசுக்கும் நூலு." அவள் அப்பா விசைத்தறியில் நெய்பவர். பிறந்ததிலிருந்து நூலைப் பார்த்த பிள்ளை. அந்தக் குரலில் இருந்த அலுப்பு எனக்குப் புரிந்தது. ஆனாலும் வேலைக்கு உத்தரவாதம் இருக்கும்போது கால்வாயை நம்பிப் போவார்களா என்றுதான் நினைத்தேன். கிடைக்காது என்ற தைரியத்தில் ஒன்றும் சொல்லவில்லை.

எறணாகுளத்தில் இறங்கியதும் ஆட்டோ பிடித்திருந்தால் எந்த வம்பும் இல்லை. நான்தான் படகில் போவோம் என்று பிடிவாதம் பிடித்தேன். அருப்புக்கோட்டைக்காரிக்குப் படகு என்பது நாள்காட்டிப் படம். துறையில் பல வரிசைகள் நின்றன. எங்கள் ஊரில் எந்த வரிசை நீளமோ அதுதான் சரியான வரிசை. ரேஷன் கடையிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் இந்தச் சூத்திரம் என்னைக் கைவிட்டதில்லை. நீளமான வரிசையில் நின்று, ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, காற்று வாங்கி, கப்பல்களை ரசித்து இறங்கினால் வைப்பின் என்ற வேறொரு தீவு. பிறகு லாரி, கார், ஸ்கூட்டர் எல்லாவற்றோடும் மனிதர்களையும் ஏற்றிக்கொள்ளும் ஜங்காரில் ஒரு மீன் வேனுக்கும் ஒரு கல்யாணக் கோஷ்டிக்கும் நடுவே நின்று கோட்டைக் கொச்சிக்கு வந்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்து மட்டாஞ்சேரி போய்ச் சேர்ந்தபோது முதல் வகுப்பு முடிந்துவிட்டது.

முகாம் நடந்தது யூதர் தெருவான ஜூ டவுனை ஒட்டிய ஒரு பழைய சுக்குக் கிடங்கில். சுக்கு போய்ப் பல காலம் ஆகியும் வாசனை போகவில்லை. உள்ளே நுழைந்ததும் மூன்று பேரும் வரிசையாகத் தும்மினோம். வாசலில் நின்ற பெண் சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள்.

"டீச்சரே, எவிட போயிட்டீங்க? ஃபர்ஸ்ட் கிளாஸ் கழிஞ்சு போச்சு!"

அவள் சிந்து. தேவராவில் ஒரு கல்லூரியில் முதுகலை படிப்பவள், முகாமில் எங்கள் குழுவுக்குத் துணை. பாட்டன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பம், அம்மாவுக்கு மாநகராட்சியில் வேலை. வீட்டில் தமிழ் பேசுவார்களாம். "பேசும் டீச்சரே, வாசிக்கான் மட்டும் அறியில்ல. எழுத்து எல்லாம் ஜிலேபி போல இருக்கும்" என்றாள். மலையாள எழுத்தைப் பார்த்து நாங்கள் சொல்வதை அவள் எங்களுக்கே திருப்பிச் சொன்னாள்.

"முதல் வகுப்புல என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் முத்துமாரி.

"ஒண்ணுமில்ல. காயல், தோடு, வெள்ளம் இப்படி. எல்லாருக்கும் அறியுற காரியம்தான். வாங்க, சாயா குடிக்கலாம்." வெள்ளம் என்றால் இங்கே வெறும் தண்ணீர், தோடு என்றால் கால்வாய்; ஜெனிபர் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்றதும் எனக்கு நிம்மதி. அதற்குமேல் நாங்கள் யாரும் கேட்கவில்லை.

மதியச் சாப்பாட்டில் சோற்றுப் பருக்கை ஒவ்வொன்றும் ஒரு வேர்க்கடலைப் பருமன். மட்ட அரிசி. நன்றாக மெல்ல வேண்டும். மெல்லும்போது பேச முடியாது. ஆசிரியர்கள் கூட்டத்துக்கு ஏற்ற உணவு. மீன் குழம்பில் குடம்புளி, தேங்காய் எண்ணெய். இதெல்லாம் போகட்டும், குடிக்கத் தண்ணீர் கேட்டால் சூடாக, இளஞ்சிவப்பு நிறத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். சுற்றுச்சூழல் முகாமில் உட்கார்ந்துகொண்டு சிவப்புத் தண்ணீரை எப்படிக் குடிப்பது? முத்துமாரி சத்தமில்லாமல் பையிலிருந்து அமிலத்தன்மை பார்க்கும் தாளை எடுத்து டம்ளரில் நனைத்தாள். பரிமாறிய சேட்டன் அதைப் பார்த்துவிட்டார். அது பதிமுகம் என்ற மரத்தின் சீவல் போட்டுக் காய்ச்சிய தண்ணீர், உடம்புக்கு நல்லது என்று சிந்து விளக்கினாள். அதன்பிறகு அந்த வாரம் முழுக்க அவர் எங்கள் மேசைக்கு எதைக் கொண்டுவந்தாலும், "சோதிச்சுக் கழிச்சோ?", அதாவது சோதித்து முடித்தாயிற்றா, என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பார்.

மறுநாள் வேலை பிரித்துக் கொடுத்தார்கள். பெங்களூருவிலிருந்து வந்த குழுவுக்குக் கும்பளங்கி என்ற கிராமம். இறால் வளர்க்கும் வயல், தென்னை, சீன வலை, பொரித்த மீன். எங்களுக்கு மட்டாஞ்சேரிக்குள் ஓடிக் காயலில் சேரும் ஒரு கால்வாய். அதன் நடுவில் சந்தைச் சாக்கடை வந்து விழுகிறது. சாக்கடை விழும் இடத்துக்கு முன்னும் பின்னும் தண்ணீர் எடுத்து, அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் எவ்வளவு, அழுக்கு எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சீன வலையைக் கனவு கண்ட ஜெனிபருக்குக் கண் கலங்கிவிட்டது.

கால்வாயை வர்ணிக்க வேண்டாம். அதில் மிதந்தவற்றை அன்றைக்கே மறக்க முயன்றேன். ஆனால் முத்துமாரியைப் பார்க்க வேண்டுமே. துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு படிக்கட்டில் இறங்கி, குமிழி வராமல் பாட்டிலைச் சாய்த்து நிரப்பி, மூடி, ஒட்டுத்தாளில் தமிழில் பெயர் எழுதினாள். ஊர்ப்பக்கம் எடுத்தது 'மேல்', காயல் பக்கம் எடுத்தது 'கீழ்'. தண்ணீர் மேலிருந்து கீழேதான் ஓடும் என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எங்கள் ஊர்ப்பக்கம் ஆற்றில் தண்ணீர் வராது. எப்போதாவது வந்தால் ஒரே திசையில் வரும், போய்விடும்.

கிடங்கின் பின்னறையில் சோதனைக்கூடம். மேல் பாட்டிலில் ஆக்சிஜன் ஓரளவு, கீழ் பாட்டிலில் படுமோசம். சாக்கடைக்கு முன்னால் சுமார், பின்னால் நாசம். புத்தகத்தில் எப்படிப் போட்டிருக்குமோ அப்படியே. முத்துமாரியின் முகத்தில் அப்போதே வேலை கிடைத்துவிட்ட களை.

அடுத்த நாள் முழுக்க வேலைவாய்ப்பு வகுப்பு. எனக்குத் தெரிந்து சுற்றுச்சூழல் படித்தவனுக்கு இரண்டு வேலை: சுற்றுச்சூழல் சொல்லித் தருவது, சொல்லித் தர வேலை கிடைக்கும்வரை காத்திருப்பது. ஆனால் வந்தவர்கள் வேறு கதை சொன்னார்கள். ஈரநில ஆய்வு, குப்பைத் தணிக்கை, பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்காடுவது, தேர்வெழுதி மாசுக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் போவது, விண்ணிலிருந்து எடுத்த படங்களை வைத்துச் சதுப்பு நிலம் சுருங்குவதைக் கண்டுபிடிப்பது. கடைசியில் சொன்னதைக் கேட்டு ஜெனிபர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கணினி முன்னால் உட்கார்ந்தே சதுப்பு நிலத்தைப் பார்க்கலாம், செருப்பில் சேறு ஒட்டாது என்பது அவளைக் கவர்ந்தது.

ஒரு இளைஞன், தான் நிறுவனங்களின் புகைக்குக் கணக்கு எழுதுவதாகச் சொன்னான். எந்த ஆலை எவ்வளவு கரியமில வாயு விடுகிறது, எந்தத் தலைப்பில் எழுத வேண்டும், எதை அடுத்த ஆண்டுக்குக் கொண்டு போகலாம். அட, இது நம்ம ஆளு என்று எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. இடைவேளையில் அவனைப் பிடித்துத் தேய்மானம் போடுவீர்களா என்று கேட்டேன். அவன் சாயாவைக் கையில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டான். ஆனாலும் எங்கள் துறைப் பிள்ளைகளுக்கும் இதில் இடம் இருக்கிறது என்று தெரிந்து சந்தோஷப்பட்டேன். ஊருக்குப் போனதும் சொல்ல வேண்டும்.

முகாமின் தலைவி டாக்டர் ரெமா. வெட்டிய நரைமுடி, காலில் ரப்பர் செருப்பு, கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை கண் சிமிட்டாமல் பார்க்கிற பழக்கம். "எங்களுக்குக் கெட்டிக்காரப் பிள்ளைகள் வேண்டாம், நிறைய இருக்கிறார்கள். கேள்வியை விடாமல் வைத்திருக்கிற பிள்ளை வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். முத்துமாரி அதை எழுதி அடிக்கோடு போட்டாள்.

அதற்கடுத்த நாள் காலையில் இரண்டாம் முறை தண்ணீர் எடுத்தோம். வெயில் இல்லை, ஆனால் புழுக்கம். எங்கள் ஊரில் துணியைக் கொடியில் போட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிடும். இங்கே முதல் நாள் துவைத்த என் ஜாக்கெட் இன்னமும் ஈரமாகவே தொங்கிக்கொண்டிருந்தது. அந்த எரிச்சலோடு சோதனைக்கூடத்துக்கு வந்தால், முத்துமாரி பியூரெட்டைப் பிடித்தபடி சிலையாக நிற்கிறாள். மேல் பாட்டில் நாசம். கீழ் பாட்டில் சுமார். எல்லாம் தலைகீழ்.

"நீ பாட்டிலை மாத்தி வச்சிட்ட" என்றாள் ஜெனிபரிடம்.

"நானா? நீதானே எழுதுன? நான் பையைத்தான் தூக்குனேன்."

"தூக்கும்போதும் போன்ல படம் எடுத்துக்கிட்டே வந்த."

"அந்தச் சாக்கடையை எதுக்குடி படம் எடுக்கணும் நான்?"

சிந்துவைக் கேட்டால் பாட்டிலைப் புரட்டிப் பார்த்து, "இதில என்ன எழுதியிருக்கு?" என்று எங்களையே கேட்டாள். அன்று மாலை இரண்டு பிள்ளைகளும் தனித்தனி மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கும்பளங்கிக் குழு பொரித்த மீன் வாசனையோடு வந்து வண்ண வண்ணமாக வரைபடம் போட்டுக்கொண்டிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் காலையில் சரிபார்க்க மறுபடி கால்வாய்க்குப் போனோம். போன இடத்தில், பாலத்தின் கைப்பிடிச் சுவர்மேல் ஒய்யாரமாக உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்த ஜெனிபரின் செருப்பு ஒன்று கழன்று கால்வாயில் விழுந்தது. புதுச் செருப்பு. அவள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. செருப்பு மிதந்தபடி நகர ஆரம்பித்தது. எப்படியும் காயல் பக்கம்தான் போகும் என்று கணக்குப் போட்டு, நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காயல் பக்கப் படிக்கட்டுக்கு ஓடினேன். ஓடிப்போய்க் குச்சியோடு காத்து நின்றால் செருப்பைக் காணோம்.

"மேம்!" என்று கத்தினாள் முத்துமாரி பாலத்திலிருந்து. "செருப்பு மேல போகுது!"

"செருப்பு எப்படிடி மேல போகும்?"

போனது. ஊருக்குள் பார்த்து, அவசரமில்லாமல், பாலத்துக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கூடவே ஒரு தேங்காய் மட்டையும் போனது. சிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"டீச்சரே, வேலியேற்றமல்லே! கடல் ஏறுற நேரம். வெள்ளம் உள்ள வரும். பின்ன இறங்கும்போ வெளியே போகும்."

"தினமுமா?"

"தினமும். நாள்ல ரெண்டு பிராவசியம், ரெண்டு தடவை."

"இதை ஏன்மா முன்னாடியே சொல்லல?"

சிந்துவின் சிரிப்பு நின்றது. "அது எல்லாருக்கும் அறியுமே டீச்சரே. முதல் கிளாஸ்ல ரெமா மேடம் படம் வரைஞ்சு சொன்னாங்களே." பிறகுதான் நாங்கள் அந்த நேரத்தில் ஜங்காரில் கல்யாணக் கோஷ்டியோடு நின்றுகொண்டிருந்தது அவளுக்கு நினைவு வந்தது. "உங்க ஊர்ல வெள்ளம் திரும்பி வராதா?" என்று உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டாள். போன தண்ணீர் திரும்பி வருவதாக இருந்தால் நாங்கள் ஏன் அருப்புக்கோட்டையில் இத்தனை குடங்களோடு அலைகிறோம்?

ஆக, முதல் முறை எடுத்தது கடல் இறங்குகிற நேரம். சாக்கடை காயல் பக்கம் போனது. இரண்டாம் முறை கடல் ஏறுகிற நேரம். அதே சாக்கடை ஊர்ப்பக்கம் வந்தது. பாட்டில் இரண்டும் சரி. பெயர்தான் தப்பு. இந்தக் கால்வாயில் மேலும் கிடையாது, கீழும் கிடையாது. முத்துமாரியும் ஜெனிபரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "சாரிடி" என்றாள் முத்துமாரி. "என் செருப்பு போச்சே" என்றாள் ஜெனிபர்.

மறுநாள் காலையில் ஆய்வை எல்லார் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். நான் என் தொழில் புத்தியைக் காட்டினேன். "இரண்டாவது தடவை எடுத்ததை விட்டுடு. முதல் தடவை எடுத்ததை மட்டும் போடு. சாக்கடைக்கு முன்னாடி நல்லா இருக்கு, பின்னாடி மோசமா இருக்கு. பார்க்க லட்சணமா இருக்கு. யார் கேட்கப் போறா?"

"தப்புன்னு தெரிஞ்சே போடச் சொல்றீங்களா மேம்?"

"தப்பு இல்லம்மா. கொஞ்சம் குறைச்சுச் சொல்றோம். உனக்கு அந்த வேலை வேணுமா, வேண்டாமா?"

"வேணும்." கண்ணில் நீர் முட்டிவிட்டது. "அதனாலதான் மேம் சொல்றேன். இங்க வேலை கிடைச்சு அடுத்த வாரமே இந்தத் தோட்டுல நான் நிக்கும்போது, செருப்பு மேல போகும்ல?"

எனக்குக் கோபம் வந்தது. நல்லதுக்குச் சொன்னால் எதிர்த்துப் பேசுகிறாளே என்ற சாதாரண ஆசிரியைக் கோபம்தான். அவள் அதற்குள் சிந்துவிடம் பேசிக்கொண்டிருந்தாள். அன்று முழுக்கப் பாலத்திலேயே நின்று, கடல் ஏறி இறங்கித் திரும்ப ஏறும்வரை மணிக்கு ஒரு தடவை தண்ணீர் எடுப்பது என்று இரண்டு பேரும் முடிவு செய்தார்கள். ஒற்றைச் செருப்போடு ஜெனிபர் பாட்டில் எடுத்துவர நொண்டிக்கொண்டே ஓடினாள். எனக்குக் குடை பிடிக்கும் வேலை.

அந்தப் பாலத்தில் ஒரு பகல் நின்றேன். கும்பளங்கிக்குப் போன எந்தப் பேராசிரியைக்கும் கிடைக்காத பகல். எதிர்வீட்டிலிருந்து ஒரு அம்மா கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் மீன் கறியும் கொண்டுவந்து தந்தார். இந்த நாற்றத்தில் சாப்பிட முடியுமா என்று நினைத்தேன்; இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் இன்னொருவரிடம், யாரோ வெள்ளத்தில் விழுந்துவிட்டார்கள் போல என்றார். மற்றவர், இல்லை, தமிழ்நாட்டிலிருந்து தண்ணீர் பார்க்க வந்திருக்கிறார்கள் என்றார். இரண்டாமவர் சொன்னது பொய்யில்லை.

அழுக்கு காலையில் ஊருக்குள் வந்தது. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. மதியத்துக்குப் பிறகு மெதுவாகக் காயல் பக்கம் கிளம்பியது. முழுக்கப் போய்ச் சேர்வதற்குள் சாயங்காலம் கடல் மறுபடி ஏற, அதே அழுக்கு வீட்டுக்குத் திரும்பி வந்தது. ஜெனிபரின் செருப்பு மட்டும் எங்கே தங்கியதோ, திரும்பவே இல்லை.

மறுநாள் கிடங்கில் கூட்டம். கும்பளங்கிக் குழு ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கியது. முத்துமாரி எழுந்து ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சொன்னாள், மூன்றாவதில் மாட்டிக்கொண்டாள். டாக்டர் ரெமா, "தமிழில் சொல், சிந்து சொல்லுவாள்" என்றார். பிறகு அருவிதான்.

"நாங்க மேல், கீழ்னு எழுதுனோம். அது தப்பு. எங்க ஊர்ல தண்ணி ஒரு பக்கமாத்தான் ஓடும். அதனால இங்கயும் அப்படித்தான்னு நினைச்சிட்டோம்" என்று ஆரம்பித்து, செருப்பை மறைக்காமல் சொன்னாள். அரங்கம் சிரித்தது. சிந்து மலையாளத்தில் சொன்னதும் மிச்சம் இருந்தவர்களும் சிரித்தார்கள். முத்துமாரிக்குக் காது சிவந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. மணிக்கு மணி எடுத்த கணக்கைப் படமாகப் போட்டாள்.

டாக்டர் ரெமா கண் சிமிட்டாமல் கேட்டார். முடிந்ததும், "அழுக்கு போய்த் திரும்பி வருகிறது என்பது எங்களுக்குப் பல வருடங்களாகத் தெரியும்" என்றார். "உனக்கு இன்னும் ஒரு வருடம் கொடுத்தால் தெரியாதது எதைப் பார்ப்பாய்?"

முத்துமாரி தன் படத்தில் மதிய நேரத்தைத் தொட்டுக் காட்டினாள். "நேத்து அழுக்கு அசையாம நின்ன நேரத்துல, தோட்டோரம் இருந்த வீட்டுல எல்லாம் ஜன்னலை மூடுனாங்க மேடம். தண்ணி நகர ஆரம்பிச்சதும் திறந்தாங்க. சில வீட்டுல மூட ஜன்னலே இல்ல. அழுக்கு எந்த நேரம், எந்தத் தெருவுல, யார் வாசல்ல நிக்குதுன்னு பார்க்கணும். அந்தப் புள்ளைங்களுக்கு இருமல் இருக்கான்னும் கேட்கணும்."

சிந்து இதை மொழிபெயர்க்கும்போது அவள் குரல் மாறியது. மூட ஜன்னல் இல்லாத வீடுகளில் ஒன்று அவளுடைய அத்தை வீடாம், பிறகு சொன்னாள். நானும் அதே பாலத்தில் அதே பகல் முழுக்க நின்றேன். கப்பையைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்க்கவில்லை.

மதியம் பெயரை அறிவித்தார்கள். முத்துமாரி. நான் எழுந்து நின்று விசிலடித்திருப்பேன், மதிப்பீட்டுக் குழுவுக்கான படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதால் கைதட்டினேன். டாக்டர் ரெமா கூடவே இரண்டு நிபந்தனை வைத்தார்: மலையாளம் வாசிக்கப் பழக வேண்டும், நீச்சல் கற்க வேண்டும், நீச்சல் தெரியாதவர்களைப் படகில் ஏற்றமாட்டார்களாம். மலையாளத்துக்குச் சிந்து பொறுப்பேற்றாள், பதிலுக்குத் தமிழ் எழுத்து சொல்லித் தர வேண்டுமென்ற ஒப்பந்தத்தோடு. நீச்சலுக்கு முத்துமாரி தலையாட்டினாள். அருப்புக்கோட்டையில் அவள் கழுத்தளவுத் தண்ணீரையே பார்த்திருக்கமாட்டாள்.

ஆனால் உண்மையான தேர்வு இனிமேல்தான். வீட்டில் சொல்ல வேண்டும். கிடங்குக்கு வெளியே சந்தில் நின்றோம். முத்துமாரி எண்ணை அழுத்தினாள். "நீங்க முதல்ல பேசுங்க மேம்" என்று போனை என்னிடம் கொடுத்து ஒலிபெருக்கியைப் போட்டாள்.

நான் மனதுக்குள் சொற்பொழிவே தயார் செய்து வைத்திருந்தேன். எதிர்காலம், பாதுகாப்பு, விடுதி, மேற்படிப்பு எல்லாம். மறுமுனையில் தறிகள் அடித்துக்கொண்டிருந்தன. தறிக்காரர்களுக்குப் போன் என்பது கத்துகிற கருவி.

"அண்ணே, உங்க பொண்ணுக்கு இங்க ஆராய்ச்சி வேலை கிடைச்சிருக்கு! ஒரு வருஷம்!"

"என்னது டீச்சர்?"

"வேலை! ஒரு வருஷம்! கொச்சியில!"

தறி அடித்தது. மில் வேலையைச் சொல்லப் போகிறார், சொல்லி வைத்த ஆளுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அங்க தண்ணி எப்படி டீச்சர்?"

அந்த நேரம் பார்த்து ஒரு தண்ணீர் லாரி பின்பக்கமாகச் சந்துக்குள் நுழைந்தது. அதுவரை ஆளில்லாமல் இருந்த சந்தில் எங்கிருந்தோ பெண்கள் குடங்களோடு முளைத்தார்கள். மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த மட்டாஞ்சேரியில் குடிக்கிற தண்ணீருக்குக் குழாயைப் பிடித்துக்கொண்டு சண்டை. நான் சண்டைச் சத்தம் கேட்காதபடி போனைக் கையால் மறைத்துக்கொண்டு, "தண்ணிக்கென்னண்ணே, எங்க பார்த்தாலும் தண்ணிதான்!" என்று கத்தினேன். பொய் இல்லையே.

முத்துமாரி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"அப்பா, குடிக்கிற தண்ணி லாரியிலதாம்பா வருது. வரிசையில நின்னுதான் பிடிக்கணும். நம்ம தெரு மாதிரியேதான்."

மறுமுனையில் தறி நின்றது. தறி ஓடும்போது எந்தப் போனுக்காகவும் அப்பா நிறுத்தியதில்லை என்று அவள் பிறகு சொன்னாள். திடீரென்று அவர் குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் தெளிவாகக் கேட்டது.

"குடம் அங்க வாங்கிக்கிறியாத்தா, இல்ல இங்கருந்தே குடுத்து விடவா?"

"வாங்கிக்கிறேம்பா" என்றாள் முத்துமாரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"ரெண்டா வாங்கு" என்றார்.